கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்த கதை

போன மாசம் ஒரு ராத்திரி, தூறல்ல வண்டி ஓட்டிட்டு வந்தேன். ரோட்டோரமா சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஒரு பெரியவர். பக்கத்துல போற வரைக்கும் என் கண்ணுல படவேயில்லை. சடன் பிரேக். அவர் திரும்பிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டார். எனக்குத்தான் கை நடுக்கம் நிக்கலை. வீட்டுக்கு வந்து பார்த்தா ஹெட்லைட் ரெண்டும் புரை விழுந்த கண்ணு மாதிரி மஞ்சளா மங்கிக் கிடக்கு.

எங்கப்பாவோட பழைய அம்பாசடர்ல கதவு ஆடும், அடியில துரு உதிரும். ஆனா ஹெட்லைட் மங்கினதா ஞாபகமே இல்லை. ஏன்னு தோண்டினப்ப கிடைச்சதுதான் இந்தக் கதை.

ஆரம்பத்துல கார்களுக்கு அசிட்டிலீன் விளக்குதான். கார்பைடுல தண்ணி சொட்டி, வர்ற வாயுவைக் கொளுத்தணும். அப்புறம் மின்விளக்கு வந்துச்சு. 1912-ல காடிலாக் செல்ஃப் ஸ்டார்ட்டரையும் மின்விளக்கையும் ஒரே ஏற்பாட்டுல கொண்டுவந்தாங்க. ஆனா தூசியும் ஈரமும் உள்ளே புகுந்து ரிஃப்ளெக்டர் கறுத்துப் போச்சு. அதாவது அந்தக் காலத்துல விளக்கு மங்கினது உள்பக்கம்!

அதுக்கு மருந்துதான் சீல்டு பீம். 1940-லிருந்து அமெரிக்கக் கார்களுக்கு அதுவே சட்டம். ஏழு அங்குல வட்டக் கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை எல்லாம் ஒரே உருப்படி. இழை அறுந்தா மொத்தத்தையும் கழட்டிப் போட்டு புதுசு மாட்டணும். பழசாக அதுக்கு நேரமே கிடையாது.

1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் பெட்ரோலை மிச்சம் பிடிக்கணும், காத்தைக் கிழிச்சுப் போற மாதிரி மூக்கு சாய்வா வேணும்னு ஆச்சு. ஃபோர்டு 1981-ல அரசுகிட்ட விதியை மாத்தச் சொல்லிக் கேட்டுச்சு. 1983-ல அனுமதி வந்துச்சு. 1984 மாடல் லிங்கன் மார்க் 7-ல கார் உடம்போட வளையுற விளக்கு. பொருள், பாலிகார்பனேட். ஐரோப்பாவுல கண்ணாடி 1990கள் வரைக்கும் தாக்குப் பிடிச்சுது.

இந்த பாலிகார்பனேட் பிறந்ததே சுவாரசியம். 1953-ல ஜெர்மனியில பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல், அதே வருஷம் அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸ். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலே ஒரே பொருளைக் கண்டுபிடிச்சாங்க. ஃபாக்ஸ் தேடினது மின்கம்பிக்கு ஒரு பூச்சு! மாக்ரோலான், லெக்ஸான்னு ரெண்டு பேர்ல கடைக்கு வந்துச்சு.

கல் பட்டா உடையாது, எடை கம்மி, எப்படி வேணும்னாலும் வளையும். ஆனா ரெண்டு பலவீனம். சுலபமா கீறல் விழும். வெயிலோட புற ஊதாக்கதிர் பட்டா மேல்பரப்பு சிதைஞ்சு மஞ்சளாகும். அதனால ஃபாக்டரியிலேயே மேல கெட்டியான ஒரு காப்புப் பூச்சு கொடுக்கறாங்க. வெயிலும் மணலும் அதைத் தின்னு முடிச்சதும் பிளாஸ்டிக் அம்மணமா நிக்குது. உள்ளே மங்கினதை வெளியே மங்க வெச்சதுதான் நாம கண்ட முன்னேற்றம் :-)

2018-ல அமெரிக்காவின் ட்ரிபிள்-ஏ மோட்டார் சங்கம் சோதிச்சுப் பார்த்துச்சு. மங்கின விளக்கு, புதுசு தர்ற வெளிச்சத்துல சுமார் 20 சதவீதம்தான் தருது. தேய்ச்சு எடுத்தா சுமார் 70 சதவீதம் வரைக்கும் திரும்புது.

முன்னாடி ஒருதடவை டூத்பேஸ்ட் தேய்ச்சேன். பளபளன்னு ஆச்சு, ரெண்டே மாசத்துல பழைய குருடி. பேஸ்ட் அழுக்குத் தோலை உரிக்கும், புதுத்தோல் போர்த்தாது.

இந்த ஞாயித்துக்கிழமை ஒழுங்கா செஞ்சேன். சுத்தி பெயின்ட்டை மறைக்க டேப். தண்ணி ஊத்தி ஊத்தி 800, 1500, 2000, 3000-ன்னு வாட்டர் பேப்பர். மொதல்ல வழியுற தண்ணி மஞ்சளா வரும். அது வெள்ளையாகுற வரைக்கும் 800-ஐ விடக்கூடாது. நடுவுல விளக்கு இன்னும் மோசமா தெரியும், பயப்படாதீங்க. அப்புறம் பாலிஷ். நல்லா துடைச்சுக் காயவெச்சு, கடைசியா புற ஊதாக்கதிரைத் தடுக்கிற கிளியர் கோட். அதை விட்டா மத்ததெல்லாம் வீண். உள்பக்கம் மங்கியிருந்தா, வெடிப்பு இருந்தா இது உதவாது, மாத்தித்தான் ஆகணும்.

அன்னிக்கு ராத்திரி அதே ரோட்டுல போனேன். அப்பா வண்டிக் கண்ணாடி அளவுக்கு இல்லை. ஆனா ஓரத்துல நடந்து போறவங்க கால் தூரத்துலயே தெரிஞ்சுது. அது போதும் எனக்கு.

உங்க வண்டியையும் ஒருதடவை முன்னாடி குனிஞ்சு பாருங்க.