பின்மூளைப் புறணிச் சுருக்கம்

கண்ணில் பழுதில்லாமல், கண் காட்டுவதைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதிகள் மெல்ல மெல்லச் சிதைவதால் வரும் அரிய வகை டிமென்ஷியா. தலையின் பின்பக்கத்துப் பிடரி மடலும் அதற்கு மேலுள்ள உச்சி மடலும் முதலில் பாதிக்கப்படுகின்றன. பென்சன் நோய்த்தொகுதி என்றும், அல்சைமர் நோயின் பார்வை வகை என்றும் இதைக் குறிப்பிடுவர். பெரும்பாலானோருக்கு 50 முதல் 65 வயதுக்குள் தொடங்குகிறது. மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு இது உண்டு என்பதற்கு நம்பத்தக்க கணக்கில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு சிறப்பு மையத்துக்கு வந்த அல்சைமர் நோயாளிகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தினர் இந்த வகையினர் என்ற மதிப்பீடு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. சிறப்பு மையத்தின் கணக்கு வெளியுலகுக்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

நோயாளி முதலில் போவது கண் மருத்துவரிடம். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையை ஒவ்வொரு எழுத்தாகச் சரியாகவே சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்து செய்தித்தாளை விரித்தால் வரி தவறிப்போகும். கண்ணாடி மாற்றப்படும், சிலருக்குக் கண்புரை அறுவையும் நடக்கும், பலன் இராது. நாற்காலியில் உட்காரப் போனவர் அதன் ஓரத்தில் சரிகிறார். தரையில் விரித்த கறுப்பு மிதியடி குழிபோலத் தெரிவதால் கால் வைக்கத் தயங்குகிறார். சட்டையைக் கையில் எடுத்தால் எந்தத் துளையில் கையை நுழைப்பது என்று விளங்குவதில்லை. தேடும் சாவி எதிரே மேசைமேலேயே கிடக்கும். எல்லாவற்றிலும் வியப்பானது ஒன்றுண்டு: சிலர் கொட்டை எழுத்துத் தலைப்பைப் படிக்கத் திணறி, அதன் கீழுள்ள பொடி எழுத்தை எளிதாகப் படித்துவிடுகிறார்கள். ஒரு நேரத்தில் மனம் பற்றக்கூடிய பார்வைப் பரப்பு குறுகிவிடுவதே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. சிறிய சொல் அந்தப் பரப்புக்குள் அடங்கும், பெரிய சொல் அடங்காது. நினைவும் பேச்சும் தன் நிலையை உணரும் அறிவும் நெடுங்காலம் கெடாமல் இருப்பதால், நடப்பது என்னவென்று நோயாளிக்கே தெரியும். இதனால் வரும் அச்சத்தையும் சோர்வையும் கண்டு, மனஅழுத்தமே மூலநோய் என்று முடிவு கட்டுவதும் உண்டு.

முன்வரலாறு

பார்ப்பது வேறு, பார்த்ததை அறிவது வேறு என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் மொழி மருத்துவ உலகில் நிலைபெற்ற கருத்து. 1881இல் ஹெர்மன் முங்க், பிடரி மடலின் ஒரு பகுதி நீக்கப்பட்ட நாய்கள் தடைகளில் மோதாமல் நடந்தும் பொருள்களை இன்னவை என்று அறியாதிருந்ததை விவரித்தார். 1890இல் ஹைன்ரிக் லிஸ்ஸாவர் இந்தக் குறையை இரண்டாகப் பிரித்தார்: உருவத்தைக் கூட்டிக் காண இயலாமை ஒன்று, கண்ட உருவத்தைப் பொருளோடு இணைக்க இயலாமை மற்றொன்று. இந்தப் பிரிவினை இன்றும் புழக்கத்தில் உள்ளது.

1909இல் புடாபெஸ்ட் மருத்துவர் ரெஜோ பாலிண்ட் வெளியிட்ட கட்டுரைக்கு இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. அவருடைய நோயாளிக்குக் கண்கள் நன்றாகவே தெரிந்தன. ஆனாலும் சிகரெட்டின் நுனியில் வைக்கவேண்டிய நெருப்பை நடுவில் வைத்தார். இடக்கை முள்கரண்டியில் குத்திப் பிடித்திருந்த இறைச்சித் துண்டை, வலக்கைக் கத்தி தட்டுக்கு வெளியே தேடியது. ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருப்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் இறந்தபின் மூளையைச் சோதித்ததில் இரு பக்கத்து உச்சி மடல்களும் சேதமடைந்திருந்தன. கண்டதைக் கை எட்டத் தவறுவது, வேண்டிய இடத்துக்குப் பார்வையைத் திருப்ப முடியாதது, பல பொருள்களை ஒருசேரக் காண முடியாதது ஆகிய மூன்றும் பிற்காலத்தில் பாலிண்ட் நோய்த்தொகுதி எனப்பட்டன. முதல் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களிடம் இதையொத்த குறைகளை ஜெர்மனியில் வால்டர் போப்பல்ராய்ட்டரும் (1917), இங்கிலாந்தில் கார்டன் ஹோம்ஸும் (1918) பதிவுசெய்தனர். ஒன்றன்மேல் ஒன்றாகக் கோட்டில் வரைந்த பொருள்களைப் பிரித்தறியச் சொல்லும் போப்பல்ராய்ட்டரின் சோதனை இன்றும் கையாளப்படுகிறது. விரல்களை இனங்காணாமை, இட வலக் குழப்பம், எழுத்திழப்பு, கணக்கிழப்பு ஆகிய நான்கையும் வியன்னாவின் யோசப் கெர்ஸ்ட்மன் 1920களில் தொடங்கி ஒரு தொகுதியாகக் கட்டினார்.

மேற்சொன்ன மனித நோயாளிகளிடம் காணப்பட்டவை பெரும்பாலும் காயத்தாலோ இரத்தக் குழாய்க் கோளாறாலோ வந்த சேதங்கள். மெல்லப் பெருகும் சிதைவால் இதே குறைகள் வருவதை முதலில் கண்டவர் யார் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. முதுமை டிமென்ஷியா நோயாளிகளின் விநோதமான பார்வைக் குறைபற்றி 1902இல் எழுதிய பிராகின் ஆர்னால்ட் பிக்கை முன்னோடியாகச் சிலர் கொள்கின்றனர். அடுத்துவந்த அரைநூற்றாண்டுக்கும் மேலான காலத்தில், சிதறிய தனி நோயாளிக் குறிப்புகளே கிடைக்கின்றன.

பென்சனின் கட்டுரை

கண் மருத்துவர் டேவிட் கோகன் 1985இல், பார்வைக் குறையோடு தொடங்கும் டிமென்ஷியாவை அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் விவரித்தார். இந்நோய்க்கு இன்றைய பெயரைத் தந்தது, லாஸ் ஏஞ்சலஸின் நரம்பியலர் டி. ஃபிராங்க் பென்சனும் இரு துணை ஆசிரியர்களும் 1988இல் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நியூராலஜி இதழில் எழுதிய கட்டுரை. ஐந்து நோயாளிகள், படித்தறிய இயலாமை, பொருளறியாமை, பாலிண்ட் கூறுகள், கெர்ஸ்ட்மன் கூறுகள், நினைவும் தன்னுணர்வும் நோயின் பிற்பகுதிவரை நிலைத்தமை, படங்களில் மூளையின் பின்பகுதி சுருங்கியிருந்தமை: கட்டுரை சொல்வது இவ்வளவே. அடிப்படை நோய் எது என்று பென்சன் துணியவில்லை. அல்சைமரின் மாற்று வடிவமாகலாம், பிக் நோய்போல ஒரு மடலை மட்டும் தின்னும் சிதைவாகலாம், இதுவரை அறியப்படாத தனி நோயாகவும் இருக்கலாம் என மூன்று வாயில்களையும் திறந்தே விட்டார். திசுச் சான்று கையில் இல்லாதபோது அவர் காட்டிய இந்த நிதானமே கட்டுரையை நீண்ட நாள் வாழவைத்தது எனலாம். அதே ஆண்டில் அதே இதழில்தான், பாலிண்டின் 1909ஆம் ஆண்டு நோயாளியைப் பற்றிய வரலாற்றுக் கட்டுரை ஒன்றும் வெளிவந்தது.

1990களில் வெளிவந்த பிரேதப் பரிசோதனைகள் பலவற்றில் அல்சைமர் நோயின் அமிலாய்டு படிவுகளும் டௌ முடிச்சுகளும் காணப்பட்டன. முடிச்சுகள் பார்வைப் பகுதிகளில் செறிந்திருந்தன.

நரம்பியலர் ஆலிவர் சாக்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் வரும் பியானோ கலைஞர் லிலியன் காலிருக்கும் இந்நோயே இருந்தது. 1991இல் ஒரு மோட்சார்ட் இசைக்கோவையை வாசிக்க அமர்ந்தபோது தாளிலிருந்த இசைக்குறிகள் அவருக்குப் பிடிபடாமல் போயின. பிறகும் பல ஆண்டுகள் நினைவிலிருந்தே வாசித்தார். வீட்டுப் பொருள்களை நிறத்தாலும் இடத்தாலும் அடையாளம் கண்டு புழங்கினார். 1985இல் வெளிவந்த சாக்ஸின் புகழ்பெற்ற நூலில், மனைவியைத் தொப்பி என்று எண்ணிக் கைநீட்டிய இசையாசிரியருக்கும் இதுவே இருந்திருக்கலாம் எனக் கருதுவோர் உளர், உறுதியாகச் சொல்வதற்கில்லை.

பொதுமக்களிடையே இந்நோயின் பெயரைப் பரப்பியவர் ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட். சிறு பக்கவாதம் எனத் தவறாகக் கணிக்கப்பட்டவர், 2007 டிசம்பரில் தன் நோயை வெளிப்படையாக அறிவித்தார். விசைப்பலகை கைவிட்டுப் போனபின் வாய்மொழியாகச் சொல்லி நாவல்களை எழுதினார்; 2015 மார்ச் 12 அன்று காலமானார்.

வரையறையும் வகைப்பாடும்

1984இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அல்சைமர் வரையறை நினைவிழப்பை மையமாகக் கொண்டது. நினைவு கெடாமல் பார்வை கெட்டவர் அதற்குள் எளிதில் அடங்கவில்லை. 2002இல் மெண்டஸ் குழுவினரும், 2004இல் 40 நோயாளிகளை ஆராய்ந்த மேயோ கிளினிக்கின் டாங்வாய் குழுவினரும் தனித்தனி வரையறைகளை முன்வைத்தனர். 2011இல் திருத்தப்பட்ட அல்சைமர் வரையறை, பார்வை வழியாகத் தொடங்கும் வடிவத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஒரு மையத்தார் நோயின் பெயராக ஆண்ட சொல்லை மற்றொரு மையத்தார் அறிகுறித் தொகுதியின் பெயராக ஆண்டதால், ஆய்வுகளை ஒப்பிட முடியவில்லை.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் செபாஸ்டியன் கிரட்ச் தலைமையில் பன்னாட்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒருமித்த வகைப்பாடு. இது மூன்று படிகளில் அமைகிறது. முதற்படியில் அறிகுறிகள் மட்டும்: மெல்லத் தொடங்கிப் பெருகும் குறைகளில், வகைப்பாட்டின் பட்டியலிலுள்ளவற்றுள் குறைந்தது மூன்று தொடக்கத்திலேயே இருக்கவேண்டும்; நினைவு, பேச்சு, திட்டமிடும் திறன், நடத்தை ஆகியவை ஒப்பளவில் நன்றாக இருக்கவேண்டும்; கட்டி, பக்கவாதம், கண் நோய் ஆகியவை காரணமல்ல எனத் தெளியவேண்டும். இரண்டாம் படி, இந்தத் தொகுதி மட்டும் உள்ளவரையும், வேறொரு நரம்புச் சிதைவு நோயின் அறிகுறிகளும் சேர்ந்துள்ளவரையும் பிரிக்கிறது. மூன்றாம் படியில்தான், உயிரியல் சான்று கிடைக்கும்போது, அடிப்படை நோய் பெயரிடப்படுகிறது: அல்சைமர், லூவி உடல் நோய், புறணி அடித்தளச் சிதைவு, பிரியான் நோய். பென்சன் திறந்துவிட்ட வாயில்களுக்கு 29 ஆண்டுகள் கழித்து முறையான விடை இப்படிக் கிடைத்தது. உச்சி மடல் வகை, பிடரி வகை என்ற உட்பிரிவுகள் தனித்தனியானவையா, ஒரே தொடர்ச்சியின் வெவ்வேறு புள்ளிகளா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

நோயறிதலில் எளிய சோதனைகளே பெரிதும் உதவுகின்றன. பின்னிய இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னால் கோடுகள் சிதறும். சமையலறையில் நீர் வழிந்தோட, பிள்ளைகள் பிஸ்கட் திருடும் படத்தைக் காட்டினால், குழாயைச் சொல்வார், முக்காலியைச் சொல்வார், நடப்பது என்னவென்று சொல்லமாட்டார். இஷிஹாரா நிறத்தட்டில் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சரியாகச் சொல்லக்கூடியவருக்கும் அவை சேர்ந்து அமையும் எண் தெரியாமல் போகலாம். இதை நிறக்குருடு என எழுதிவிடும் ஆபத்து உண்டு. நினைவைப் படங்களால் சோதித்தால் பார்வைக் குறை நினைவுக் குறையாகத் தோன்றும். காதால் கேட்கவைத்தே சோதிக்கவேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் பின்பகுதிச் சுருக்கத்தை 0 முதல் 3 வரை மதிப்பிடும் அளவுகோலை ஆம்ஸ்டர்டாமின் கூடம் என்பவரின் குழுவினர் 2011இல் வகுத்தனர். பெட் ஸ்கேனும் தண்டுவட நீர்ச் சோதனையும் அடிப்படை நோயைக் காட்ட உதவுகின்றன.

அண்மைக்காலம்

16 நாடுகளைச் சேர்ந்த 1,092 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு 2024இல் லான்செட் நியூராலஜி இதழில் வெளிவந்தது. சராசரியாக 59 வயதில் அறிகுறி தொடங்குவதாகவும், நோய் கண்டறியப்பட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆவதாகவும், சான்று கிடைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானோருக்கு அல்சைமரே அடிப்படை என்றும் அது காட்டியது. அமிலாய்டை அகற்றும் புதிய மருந்துகளில் ஒன்றான லெகானமாபின் பெரிய சோதனையில் சேர, நினைவுக் குறை நிபந்தனையாக இருந்தது. ஆகவே நினைவு கெடாத இந்நோயாளிகளுக்கு அம்மருந்து எந்த அளவு பயன்படும் என்பதற்கு அச்சோதனையிலிருந்து நேரடி விடை கிடைக்கவில்லை.