நீர்மேல் நிலைத்த எழுத்து

நிலையாத ஒன்றை 'நீர்மேல் எழுத்து' என்பது தமிழ் வழக்கு. ஆயினும் நீர்மேல் எழுதியதைத் தாளில் ஏற்றி நிலைக்கச் செய்த கலை ஒன்றுண்டு. பழைய கித்தாபின் அட்டையைத் திறந்தால், மேகமும் அலையும் கலந்தாற்போன்ற வண்ணத்தாள் சிலவற்றில் ஒட்டியிருக்குமே, அதுதான். பார்சியர் அதனை 'அப்ரி' என்றனர். 'அப்ர்' என்றால் மேகம். துருக்கியர் நாவில் அது 'எப்ரு' ஆயிற்று.

கோடை விடுமுறையில் மாமல்லபுரத்தில், உளியோசை கேட்டு வளரும் நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கு இதனைச் செய்து காட்டினேன். மகனை அழைத்துச்செல்ல வந்த ஒருவர், "ஹஜ்ரத், ஓதுகிற பிள்ளைக்குச் சாய விளையாட்டு எதற்கு?" என்றார். கேட்டதில் பிழையில்லை. அவருக்குச் சொன்ன விடையையே இங்கு எழுதுகிறேன்.

இஸ்தான்புல் அயா சோபியா பள்ளிவாசலில் குத்பா ஓதிய கத்தீப் முஹம்மது எஃபெந்தி இக்கலையின் பேராசான். துளிமேல் துளியிட்டு ஊசியால் இழுத்து அவர் கண்ட வடிவம் இன்றும் 'கத்தீப் எப்ரு' என்றே வழங்குகிறது. 1773-இல் வீடு தீப்பற்றியபோது, தாள்களைக் காக்க முயன்று உயிர்நீத்தார் என்பர். பின்னாளில் நீரில் மலர்களை மலர்வித்த நஜ்முத்தீன் ஒக்யாயும் (1883–1976) ஓர் இமாமே. துருக்கியரின் இக்கலையை 2014-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டுப் பீஜப்பூரோ ஒருபடி மேலே சென்றது. 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், வண்ணம் படியவேண்டாத இடங்களை மறைத்து, அப்ரியாலேயே அங்கே உருவங்கள் தீட்டினர். எலும்பும் தோலுமான குதிரையொன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. வயிறு ஒட்டிய அப்பிராணியின் உடலெங்கும் மேகம் ஓடுகிறது!

செய்முறை எளிதன்று. வெந்தயத்தை ஊறவைத்து வடித்த கொழகொழப்பான நீரின்மேல், மாட்டுப் பித்தநீர் கலந்த வண்ணங்களைத் தெளிப்பது பழைய முறைகளுள் ஒன்று. பித்தநீர் இல்லையேல் வண்ணம் பரவாது. படிகாரம் பூசாத தாளில் ஒட்டாது. பிள்ளைகளுக்கு இவ்வளவு வேண்டாமென்று, எண்ணெய்ச் சாயத்தில் சிறிது டர்பன்டைன் கலந்து, முற்றத்தில் தட்டில் வைத்த வெறும் நீரிலேயே தெளித்தேன். இதே கடற்கரையில் தெற்கே, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதச் சாலையிலும் இத்தகைய தாள் உருவாகிறது.

அந்த அத்தா மகன் எடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே மாதிரி இன்னொன்று எடுத்துத் தருவீர்களா, ஹஜ்ரத்?" முடியாது என்றேன், ஒருமுறை நீரைவிட்டு எழுந்த கோலம் மீண்டும் வருவதில்லை. "அப்படியானால் இவனுடைய அம்ம ஜுஸ்வுக்கு அட்டை போடுகிறேன்" என்றார். எண்ணெய் காய இரண்டு நாளாகும், பொறுங்கள் என்றேன்.