சிரிக்காத அரங்கம்

வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சங்கம் ஆண்டுதோறும் வாஷிங்டனில் ஒரு விருந்து நடத்துகிறது. அதிபரை அருகில் வைத்துக்கொண்டே நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் அவரைக் கிண்டல் செய்வதும், அதிபர் அதற்குச் சிரிப்பதும் அங்கே வழக்கமாக இருந்தது.

2006 ஏப்ரல் 29 அன்று மேடை ஏறியவர் ஸ்டீபன் கோல்பேர். அதிபரின் தீவிர ஆதரவாளர் போல நடித்து, புகழ்வது போல இகழ்வது அவர் பாணி. நம் இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி!

சில அடி தூரத்தில் ஜார்ஜ் புஷ். ஈராக் போர், சரிந்துவந்த மக்கள் ஆதரவு என எதையும் கோல்பேர் விடவில்லை. அடுத்து, அரசு சொன்னதை அப்படியே எழுதிக்கொண்ட செய்தியாளர்களையும் குத்தினார். அரங்கில் சிரிப்பு அடங்கியது. நீதிபதி ஸ்காலியா மட்டும் தன்னைப் பற்றிய கேலிக்கு வாய்விட்டுச் சிரித்தார்.

மற்றவர்கள் ஏன் சிரிக்கவில்லை? அதிபர் எதிரே சிரித்தால் அது கட்சி சேர்வதாகிவிடும். தவிர, பாதி அடி அவர்கள் முதுகிலேயே விழுந்தது.

மறுநாள் பல செய்திகளில் புஷ்ஷும் அவரைப் போல் நடித்தவரும் சேர்ந்து செய்த நகைச்சுவையே முன்னால் நின்றது. ஆனால் சி-ஸ்பான் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான கோல்பேரின் பேச்சு யூடியூபில் பரவியது. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அரங்கம் அடக்கிய சிரிப்பு வீடுகளில் வெடித்தது.

2007இல் சங்கம் ரிச் லிட்டில் என்ற பலகுரல் கலைஞரை அழைத்தது. 2018இல் மிஷல் வுல்ஃப் பேச்சு சர்ச்சையாக, 2019இல் மேடை ஏறியவர் ஒரு வரலாற்றாசிரியர்!

அரசனைக் கேலி செய்ய அனுமதி உண்டு. ஆனால் அவையோரைக் கேலி செய்தால் கைதட்டல் வெளியிலிருந்துதான் வரவேண்டும்.