கடலடியில் ஓர் ஏர்

மும்பை ஹார்பர் லைனில் வடாலா தாண்டியதும் வரும் நிலையம் குரு தேக் பகதூர் நகர். செம்பூருக்குப் போகிற தமிழர்கள் அன்றாடம் கடக்கும் இந்த நிலையத்துக்கு முன்பு கோலிவாடா என்று பெயர். கோலி மீனவர்கள் குடியிருக்கும் இடத்துக்கு மராத்தியில் அதுதான் சொல். பிரிவினைக்குப் பிறகு பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் இந்தப் பக்கத்தில் குடியேறினார்கள். கூடவே குருத்வாரா வந்தது. குருத்வாரா என்றால் லங்கரும் உண்டு. வந்தவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் தரையில் வரிசையாக உட்காரவைத்து ரொட்டியும் பருப்பும் பரிமாறும் பொதுச் சமையற்கூடம் அது.

இதே நகரத்தில் கேட்வே ஆஃப் இந்தியா படித்துறையில் இந்தி பேசும் படகுக்காரர் ஒருவர் 'லங்கர் போடு' என்றால் யாரும் தட்டை எடுத்துக்கொண்டு ஓட மாட்டார்கள். அவர் சொல்வது நங்கூரத்தை.

ஒரே உச்சரிப்பில் இரண்டு பொருள் அமைந்தது தற்செயல் அன்று. பாரசீக மொழியில் 'லங்கர்' என்றால் கப்பலின் நங்கூரம். ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் சோறிடும் சூஃபி மடமும் லங்கர்தான். அலைந்து வருகிறவர் இறங்கித் தங்கும் இடம் என்ற எண்ணமே இரண்டையும் சேர்த்திருக்க வேண்டும். சூஃபி மடங்களின் வழக்கு பஞ்சாபுக்கு வந்தது. சீக்கியர்கள் அதைத் தங்கள் சமய வாழ்க்கையின் நடுவில் வைத்தார்கள். தரை வழியாக வந்த லங்கர் சோறாகவே நின்றுவிட்டது. கடல் வழியாக வந்த லங்கர் இரும்பாகத் துறைமுகம் துறைமுகமாக இறங்கியது. தமிழில் அது நங்கூரம்.

இந்தப் பிறப்புக் கதைக்குப் போட்டிக் கதை ஒன்றும் உண்டு. போர்த்துகீசிய மொழியில் நங்கூரத்துக்கு 'ஆங்க்கொரா' என்று பெயர். அதிலிருந்துதான் நம் சொல் வந்தது என்பார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் கொண்டுவந்து இறக்கியவைதானே, நங்கூரத்தையும் அவர்களே இறக்கியிருக்கட்டும் என்று விட்டுவிடத் தோன்றும். பம்பாய் என்ற பெயரையே 'நல்ல விரிகுடா' என்று போர்த்துகீசியத்தில் பொருள் பிரித்து, மும்பாதேவியை வெளியே நிறுத்திய பழைய விளக்கத்தைப் போன்றதுதான் இதுவும். ஒலி ஒத்துப்போகிறது; சுற்றிலும் உள்ள சான்றுகள் ஒத்துப்போகவில்லை.

முதலில் அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்க்கலாம். இந்தியிலும் குஜராத்தியிலும் லங்கர். தெலுங்கிலும் கன்னடத்திலும் லங்கரு. மலையாளத்தில் நம்மைப் போலவே நங்கூரம். வங்காளியில் நோங்கோர். மராத்தியில் நாங்கர். ஒரு வரிசை 'ல'வில் தொடங்குகிறது, இன்னொன்று 'ந'வில். இடையில் 'ங்க' எங்கும் மாறவில்லை. உயிரெழுத்தில் தொடங்கும் ஆங்க்கொரா இத்தனை கரைகளிலும் ஒன்றுபோல் தலையில் ஒரு மெய்யை ஏற்றிக்கொண்டது என்பதைவிட, 'ல'வில் தொடங்கிய ஒரு சொல் சில கரைகளில் 'ந'வாக மாறியது என்பதே நம்பத் தக்கது. தமிழுக்கு அந்த மாற்றம் கூடுதலாகத் தேவைப்பட்டது. லகரத்தில் சொல் தொடங்குவதைத் தொல்காப்பியம் ஏற்பதில்லை. லங்கா என்பதை இலங்கை ஆக்கித்தான் உள்ளே விட்டோம். லங்கருக்கு முன்னால் இகரம் ஒட்டுவதற்குப் பதில் அந்த லகரமே நகரமாகிவிட்டது. பின்பாதியில் நீண்டு நிற்கும் 'கூர'த்துக்குக் காரணம் சொல்வது கடினம். மண்ணில் குத்தும் கருவியைக் கையில் வைத்திருந்தவர்களின் காதில் 'கூர்' என்ற சொல் விழுந்துகொண்டே இருந்திருக்கலாம்.

இதைவிட வலுவான சான்று, அந்தச் சொல் யாரோடு சேர்ந்து வாழ்கிறது என்பது. மாலுமி அரபியின் 'முஅல்லிம்'. சுக்கானும் அரபி. படகுத் தொழிலாளர்களின் தலைவனான செராங்கு பாரசீகத்தின் 'சர்ஹங்'. போர்த்துகீசியர் 1498இல் கோழிக்கோட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அரபு, பாரசீகக் கப்பல்கள் நம் கரைகளுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தன. ஓட்டுகிறவன் பெயர், திருப்புகிற கட்டையின் பெயர், வேலைக்காரர் தலைவன் பெயர் எல்லாம் மேற்குக் கடலிலிருந்து வந்திருக்க, நிறுத்துகிற கருவியின் பெயர் மட்டும் லிஸ்பனிலிருந்து வர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆங்க்கொராவுக்கும் நம்மிடம் ஓர் உறவினர் இருக்கத்தான் செய்கிறார், எதிர்பாராத இடத்தில். அது கிரேக்க 'அங்குரா'விலிருந்து லத்தீன் வழியாக வந்த சொல். அதன் வேருக்கு வளைவு என்று பொருள். அதே வேரில் கிளைத்தது சமஸ்கிருத அங்குசம். ஆக, ஆங்கிலேயரின் 'ஆங்கர்' யானைப்பாகன் கையில் இருக்கும் கருவிக்குத்தான் சொந்தம், நங்கூரத்துக்கு அல்ல.

இந்த வரிசையில் மராத்திச் சொல்தான் ருசியானது. மராத்தியில் 'நாங்கர்' என்றால் முதலில் ஏர், கலப்பை. நங்கூரம் இரண்டாவது பொருள். நிலத்தை உழுவதும் 'நாங்கர்ணே', படகை நங்கூரமிட்டு நிறுத்துவதும் 'நாங்கர்ணே'. கரையருகே நிற்கும் படகுகளை மராத்திப் பத்திரிகைகள் 'நாங்கர்லேல்யா போட்டி' என்று எழுதும்போது, மொழி பழகாத தமிழர் யாரோ படகால் கடலை உழுதுவிட்டதாக எண்ணினால் குற்றம் சொல்ல முடியாது. ஏரைக் குறிக்கும் நாங்கர், சமஸ்கிருத லாங்கலத்தின் வழி வந்தது. லாங்கலம் ரிக்வேதத்திலேயே இருக்கிறது. ஆனால் அது அந்த மொழியின் சொந்தச் சரக்கு அன்று, முண்டா மொழிகளிலிருந்தோ திராவிடத்திலிருந்தோ போனது என்பதே மொழியியலாளர் பலரின் முடிவு. தமிழில் அதன் உறவு நாஞ்சில். குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாடு அந்த ஏரின் பெயர் தாங்கிய நெல் வயல் நாடு.

பாரசீக லங்கரே இந்த லாங்கலத்திலிருந்து போனதுதானா? அப்படிக் கருதுகிறவர்கள் உண்டு, உறுதியாக நிறுவியவர் இல்லை. உண்மையானால் நங்கூரமும் நாஞ்சிலும் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். அது உண்மையில்லாமல் போனாலும், மராத்திக்காரர் நங்கூரத்தில் ஏரைக் கண்டதற்குக் கருவி வேலை செய்யும் விதத்திலேயே நியாயம் இருக்கிறது.

அதைப் பார்க்க மாண்ட்வாவுக்குப் போகலாம். கேட்வேயிலிருந்து மும்பைத் துறைமுகத்தின் வாயைக் குறுக்கே கடந்தால், படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வரும் ராய்கட் மாவட்டக் கடலோரக் கிராமம் அது. மழைக்காலம் ஓய்ந்ததும் மும்பையின் பாய்மர உல்லாசப் படகுகளுக்கு அதுதான் வழக்கமான ஓட்டம். 1846இல் தொடங்கிய பம்பாய் யாட் கிளப்பின் காலத்திலிருந்தே இந்தக் கடற்பரப்பில் பாய் விரிப்பது ஒரு பழக்கம். கிராமத்தின் முன் பாயை இறக்கி, காற்றுக்கு எதிரே முகப்பைத் திருப்பி, படகு நின்றதும் நங்கூரத்தை இறக்குவார்கள். எறிய மாட்டார்கள். எறிந்தால் சங்கிலி நங்கூரத்தின் மேலேயே குவிந்து சிக்கிக்கொள்ளும். படகு காற்றில் பின்னோக்கி நகர நகரச் சங்கிலியை விட்டுக்கொண்டே போக வேண்டும். இழுப்பு கிடையாக வரும்போதுதான் நங்கூரத்தின் நுனி சேற்றில் இறங்கும். இன்னும் இழுத்தால் இன்னும் ஆழமாக இறங்கும். இழுப்பு மேல்நோக்கி வந்தால் அதே நுனி பெயர்ந்து வெளியே வந்துவிடும். உழுகிறவர் மேழியை அழுத்தினால் கொழு இறங்கும், தூக்கினால் மேலே வரும் என்பது போலத்தான்.

ஆகவே நங்கூரத்தின் பலம் அதன் எடையில் இல்லை, விட்டிருக்கும் சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது. தண்ணீரின் ஆழத்தோடு படகு முகப்பின் உயரத்தையும் சேர்த்து, அதைப்போல் ஐந்து மடங்காவது விட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மும்பையில் இந்தக் கணக்கு ஆளை ஏமாற்றும். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் இங்கே வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே கடல் நான்கு மீட்டருக்கு மேல் உயர்கிறது. வற்றத்தில் மூன்று மீட்டர் ஆழம், ஒரு மீட்டர் முகப்பு என்று பார்த்து இருபது மீட்டர் சங்கிலி விட்டவர் நிம்மதியாகச் சாப்பிட உட்காரலாம். ஆறு மணி நேரத்தில் ஆழம் ஏழு மீட்டர் ஆகியிருக்கும். தேவை நாற்பது மீட்டர். அவருடைய படகு அப்போது மெல்ல அலிபாக் பக்கம் உழுதுகொண்டு போகும். ராமேஸ்வரம் பக்கத்துக் கடலில் பழகியவருக்கு இது புதிது. அங்கே ஓதம் ஒரு மீட்டரைத் தாண்டுவதே அரிது.

சேற்றில் கொழு பாயும் இந்த உத்திக்கு முன்பு நங்கூரம் என்பது கல். மதுரைக்காஞ்சியில் கடுங்காற்றில் கயிறு அறுந்து பாய்மரம் முறிந்து சுழியில் சிக்கும் நாவாய் வருகிறது. அங்கே பேசப்படும் கல்லுக்கு உரைகாரர்கள் நங்கூரக்கல் என்று பொருள் கொண்டார்கள். பாறையாகவும் இருக்கலாமே என்று கேட்க இடம் உண்டு. ஆனால் உரைகாரர்கள் அப்படிப் படித்ததே கல் நங்கூரம் அவர்களுக்குப் பழகிய பொருள் என்பதைக் காட்டுகிறது.

நேரில் பார்க்க வேண்டுமானால் இந்த மேற்குக் கரையே போதும். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனத்தின் முக்குளிப்பவர்கள் துவாரகையிலும் பேட் துவாரகையிலும் கல் நங்கூரங்களை நூற்றுக்கு மேல் கண்டெடுத்தார்கள். மகாராஷ்டிரத்தின் விஜயதுர்க், சிந்துதுர்க் கடலிலும் கிடைத்தன. மூன்று வகை. முக்கோணப் பலகைக் கல்லில் மூன்று துளை. வட்டமான வளையக் கல். இவற்றோடு தூண்போல நீண்ட ஒரு வகை, அதற்கு இந்திய-அரேபிய நங்கூரம் என்று பெயர். மேலே கயிறு கட்ட ஒரு வட்டத் துளை. கீழே ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சதுரத் துளைகள். அந்தச் சதுரத் துளைகளில் கூர்சீவிய மரக் கைகளைச் செருகுவார்கள். கல்லின் எடை கீழே அழுத்த, மரக் கை தரையில் குத்தும். சும்மா கிடந்து கனத்தால் நிறுத்திய கல், ஏராக மாறும் கட்டம் இதுதான். இதே வடிவக் கற்கள் பாரசீக வளைகுடாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கிடைக்கின்றன. பாரசீகச் சொல் ஏறி வந்த அதே கப்பல்களில் இந்தக் கற்களும் தொங்கியிருக்க வேண்டும்.

தாராவிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் குடியேறும் முன் அது மாகிம் கழியோரத்து மீனவர் ஊர். 1909இல் வெளியான பம்பாய் கெசட்டியர் தாராவியைப் பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகச் சொல்கிறது. தாராவி கோலிவாடா இன்றும் அங்கே இருக்கிறது, கழிதான் படகு விடும் நிலையில் இல்லை. நாங்கர் என்று சொன்னவர்களும் நங்கூரம் என்று சொன்னவர்களும் ஒரே சதுப்பின் கரையில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் ஆனார்கள்.

மராத்திச் சொல்லில் உறங்கிய உவமையை 1933இல் ஓர் இங்கிலாந்துக்காரர் இரும்பில் வார்த்தார். ஜெஃப்ரி இங்ராம் டெய்லர், கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர், பாய்மரப் படகோட்டத்தில் பைத்தியம் கொண்டவர். பழைய நங்கூரத்தில் ஒரு கை மண்ணில் இருந்தால் மறு கை சும்மா மேலே நீட்டிக்கொண்டிருக்கும், கயிறு அதில் சுற்றிக்கொள்ளும். டெய்லர் இரண்டு கையையும் நீக்கிவிட்டு, உழவர் கலப்பையின் கொழுவை ஒரு கீலில் பொருத்தினார். படகு பக்கவாட்டில் திரும்பினாலும் கொழு மண்ணை விடாது. சி.க்யூ.ஆர். என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்; சேர்த்துச் சொன்னால் ஆங்கிலத்தில் 'பத்திரம்' என்று காதில் விழும். உலகமெங்கும் உல்லாசப் படகுகளின் முகப்பில் பல பத்தாண்டுகள் தொங்கியது அந்த வடிவமும் அதன் நகல்களும்தான்.

ஆங்கிலத்தில் அதைக் கலப்பை நங்கூரம் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மராத்தியில் சொன்னால் ஏர்-ஏர் என்று இரட்டிப்பாகும். தமிழில் இன்னும் அதற்கென்று ஒரு பெயர் நிலைக்கவில்லை. நாஞ்சில் நங்கூரம் என்று வைக்கலாம். நாகர்கோவில்காரர்கள் தங்கள் ஊர்ச் சரக்கு என்று உரிமை கொண்டாடினால் கொண்டாடட்டும்.