பிழை ஆரில?

நாயாற்றில இருந்து கடலுக்குப் போற சின்னப் படகில பெரும்பாலும் ஒரு என்ஜின்தான். நடுக்கடலில அது நின்றால், பிழை ஆரில? செய்த கொம்பனியிலா, பார்ட்ஸ் வித்த கடையிலா, திருத்தின மெக்கானிக்கிலா, செலவுக்குப் பயந்து திருத்தாமல் விட்ட முதலாளியிலா? இதே கேள்விக்கு நூறு வருசத்துக்கு மேலாக விடை தேடிவருகிற துறை ஒன்று இருக்கிறது: சிறிய விமானங்களின் பராமரிப்பு. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பாப்பம்.

1908 செப்டெம்பர் 17. அமெரிக்காவின் போர்ட் மயரில் ஓர்வில் ரைட் ஓட்டிய விமானத்தின் சுழல்விசிறி பிளந்து, சுக்கானைப் பிடித்திருந்த கம்பியில் பட்டது. விமானம் விழுந்து, கூடப் போன தோமஸ் செல்ப்ரிட்ஜ் இறந்தார். செய்தவர், திருத்துபவர், ஓட்டுபவர் எல்லாரும் ஒரே ஆட்கள் என்றபடியால் பொறுப்பைத் தேடி அலைய வேண்டியிருக்கேல்லை.

பிறகு வேலை பல கைகளுக்குப் பிரிந்தது, பொறுப்பும் சிதறியது. அதற்கு விமானத்துறை கண்ட வழி எழுத்து. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, எப்போது மாற்றியது, ஆர் சரிபார்த்தது எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர் கையெழுத்திட்ட பிறகுதான் விமானம் மேலே போகலாம்.

ஆனால் பாகமே போலியாக இருந்தால்? 1989 செப்டெம்பர் 8, ஒஸ்லோவிலிருந்து ஹம்பேர்க் போன பார்ட்னெயார் விமானம் டென்மார்க் கரைக்கு அப்பால் உடைந்து விழுந்தது. 55 பேரில் ஒருவரும் தப்பவில்லை. வால்பகுதியைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் உரிய உறுதியில்லாத போலிகள் இருந்ததை விசாரணை கண்டுபிடித்தது.

செய்தவரின் பொறுப்பு எத்தனை காலத்துக்கு? வழக்குச் செலவைக் காரணம் காட்டி செஸ்னா 1986இல் பிஸ்டன் என்ஜின் விமானங்கள் செய்வதை நிறுத்தியது. 1994இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. 20 இருக்கைக்குக் குறைந்த விமானம் 18 வருடம் கடந்தால், சில விலக்குகள் தவிர, செய்த கொம்பனி மேல் வழக்குப் போடேலாது. புதிதாகப் போட்ட பாகத்துக்கு மட்டும் 18 வருடம் திரும்பத் தொடங்கும். செஸ்னா திரும்ப வந்தது. பழைய விமானங்களின் பாரம் மெக்கானிக்குகளிலும் சொந்தக்காரரிலும் விழுந்தது.

வன்னிக்கு வருவம். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. கிடைத்ததை வைத்துத் திருத்தின கைகள்தான் அன்றைக்கு எங்கட சனத்தைக் காப்பாற்றியது. அந்தக் கெட்டித்தனத்தை நாங்கள் மதிக்கிறம். ஆனால் தடை போன பிறகும் "எப்பிடியாவது ஓடினால் காணும்" என்ற பழக்கம் நிற்கிறது. ஒறிஜினல் எண்டு சொல்லி விக்கிற பார்ட்ஸுக்கு பில் இல்லை. திருத்தின வேலைக்குத் துண்டு இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. விற்கும் பொருள் அதன் தேவைக்கு உதவ வேண்டும் என்று 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாதவன் இந்தச் சட்டங்களை வைத்து என்ன செய்வான்?

ஒரு கொப்பி போதும். திகதி, மாற்றின சாமான், வாங்கின கடை, திருத்தினவரின் கையெழுத்து. மெக்கானிக் அண்ணையைச் சந்தேகப்பட்டு இதைக் கேட்கேல்லை. கடை குடுத்த போலிக்கு அவர் பழி சுமக்காமல் இருக்கவும் அந்தக் கொப்பிதான் சாட்சி.