ஒரு ஹாக்கி மட்டையின் வயது

கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீடொன்றில் பழைய ஹாக்கி மட்டையைக் கண்டேன். தாத்தா ஆடியது என்றனர், ஆண்டு தெரியவில்லை. கைப்பிடியில் சுற்றிய துணி பிற்காலத்தது. அது வயதைச் சொல்லாது. மரத்தில் பதிந்த முத்திரையோ ‘சியால்கோட், இந்தியா’ என்றிருந்தது. 1947 பிரிவினையில் சியால்கோட் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. அங்கிருந்த விளையாட்டுப் பொருள் கைவினைஞர் பலர் ஜலந்தருக்குப் பெயர்ந்தனர். எனவே மட்டை அதற்கு முந்தியது. ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கங்களை நிர்வகித்த காலத்தது. எனினும் முத்திரை காட்டுவது செய்த காலத்தையே. ஆடிய காலத்தைக் குடும்ப நினைவுதான் சொல்ல வேண்டும். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது, நினைவுகூர்வோர் குறைந்துவருகின்றனர். இத்தகைய பொருள்களைக் கழிக்குமுன் அவற்றின் எழுத்துகளைப் படமெடுத்து, உடையவர் சொல்வதையும் பதிவுசெய்யுங்கள்.