சீந்தில் கஷாயம்... எல்லோரும் குடிக்கலாமா?

வலங்கைமான் பக்கம் வேலியிலோ வேப்பமரத்திலோ சுற்றிப் படரும், இதய வடிவ இலைகொண்ட கொடியைக் கவனித்திருக்கிறீர்களா? அதுதான் சீந்தில். அமிர்தவல்லி என்றும் பெயர். காய்ச்சலுக்கு அதன் தண்டை இடித்துக் கஷாயம் போடுவது பழைய வழக்கம்.

`எதிர்ப்பு சக்திக்கு நல்லது'னு சொல்றாங்களே... உடம்புக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?

கிருமிகளை விழுங்கும் `மேக்ரோஃபேஜ்' செல்கள் நம் திசுக்களில் காவல் இருக்கின்றன. சீந்தில் தண்டிலிருந்து பிரித்தெடுத்த ஒருவகை குளுக்கான், இந்தச் செல்களைத் தூண்டிவிடுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. தூண்டப்பட்ட செல்கள் `சைட்டோகைன்' என்ற வேதிப்பொருள்களைச் சுரந்து, மற்ற எதிர்ப்பு செல்களையும் வேலைக்கு அழைக்கின்றன.

ஆனால், இதே குணம்தான் சிலருக்கு ஆபத்து. ஆட்டோஇம்யூன் பிரச்னை உள்ளவர்களுக்கு, எதிர்ப்பு செல்கள் சொந்த உடம்பையே தாக்கும். அவற்றை மேலும் தூண்டினால் என்ன ஆகும்?

கொரோனா காலத்தில் பலரும் தினமும் சீந்தில் எடுத்தார்கள். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, அப்படி எடுத்த 6 பேர் கல்லீரல் பாதிப்புடன் மும்பையில் சிகிச்சைக்கு வந்ததை மருத்துவர்கள் 2021-ல் பதிவுசெய்தனர். `அது வேறு கொடியாக இருக்கலாம்' என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்து, இந்தியாவின் 13 மையங்களில் 43 பேரிடம் இதேபோன்ற பாதிப்பு பதிவானது.

எனவே, தைராய்டு, முடக்குவாதம், லூபஸ் போன்ற ஆட்டோஇம்யூன் பிரச்னை உள்ளவர்கள், கல்லீரல் நோயாளிகள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சீந்திலைத் தொட வேண்டாம். மற்றவர்களும் மாதக்கணக்கில் குடிக்காதீங்க. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறத்தில் போனாலோ, உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்க. குடித்தது என்ன, எத்தனை நாள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்க!